மாமா மேனேஜ் பண்ணிக்கிறேன்

ஜனவரி 4, ஞாயிறு

இன்று நான் சொல்லாமல் விட்டது: "எனக்குப் போகணும்."

இரண்டே சொல். சொல்வதற்கு இடமும் இருந்தது. தம்புசாமி மாமா ரசத்தைக் கிண்ணத்தோடு தூக்கிக் குடிக்கும்போது எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை. அந்த இடைவெளியில் ஒரு கட்டுரையே வாசித்துவிடலாம். வாயைத் திறந்தேன். வெளியே வந்தது, "இன்னும் கொஞ்சம் ஊத்தவா மாமா?"

வெள்ளிக்கிழமை போஸ்டிங் வந்துவிட்டது. ஆங்கில ஆசிரியை, தொடக்கப்பள்ளி, சரவாக். சிபுவில் விமானம் இறங்கி, கபிட் வரை போய், அங்கிருந்து படகு. மார்ச் இரண்டாம் தேதி பணியில் சேர வேண்டும். கைப்பேசியில் வரைபடத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனேன். பச்சை, பச்சை, நடுவில் பழுப்பாக ஒரு கோடு, அதன் ஓரத்தில் பள்ளியின் பெயர். பயம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. படகு எத்தனை மணிக்கு என்று தேடினேன்.

மாமா மதியம் வந்தார். மணி அடிக்கவில்லை, அவர் அடிப்பதில்லை. எனக்குப் பதின்மூன்று வயதில், படிவம் ஒன்றில் படித்தபோது, அப்பா இறந்தார். அந்த வாரம் முழுக்க எங்கள் ஹாலில் படுத்துக் கிடந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டவர் மாமாதான், அம்மாவின் ஒரே அண்ணன். திரும்பிப் போகும்போது வீட்டுச் சாவி ஒன்றை எடுத்துப் போனார். அது இன்னும் அவருடைய லோரிச் சாவிக் கொத்தில் தொங்குகிறது.

"பொம்பளப் புள்ளைய காட்டுக்கு அனுப்பிட்டு நாம இங்க தூங்க முடியுமா? ரயுவான் போடுவோம். பெஜபாட்ல எனக்கு ஆள் இருக்கு. நீ சும்மா இரு லா, மாமா மேனேஜ் பண்ணிக்கிறேன்."

ரயுவான் என்றால் மேல்முறையீடு; பெஜபாட், கல்வி அலுவலகம். சரவாக் கிடைத்தவர்கள் முதலில் செய்வது அதைத்தான். என்னோடு படித்தவர்களில் பாதிப் பேர் இந்நேரம் எழுதி முடித்திருப்பார்கள்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அண்ணன் இருக்கிற வரைக்கும்..." என்று தொடங்கி முடிக்காமல் விட்டாள். அந்த வாக்கியத்தை அவள் இதுவரை ஒரு தடவைகூட முடித்ததில்லை.

மாமா கிள்ளானில் ஒரு லோரி கம்பெனியில் மேனேஜர். எந்த வண்டி எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். வீட்டுக்கு வந்த பிறகும் தெரியும்.

ஜனவரி 6, செவ்வாய்

போஸ்டிங்குக்காகக் காத்திருந்த மாதங்களில் பிரிக்பீல்ட்ஸில் பெரியவர்களுக்கு ஆங்கில வகுப்பு எடுக்க ஆரம்பித்தேன். பூமாலைக் கடைக்கு மேல்மாடி. மல்லிகை வாசம் படியேறி வந்து வகுப்பில் உட்கார்ந்துகொள்ளும். இன்று 'மேனேஜ்' என்ற சொல்லை வைத்து ஆளுக்கு ஒரு வாக்கியம் கேட்டேன். வேண்டுமென்றேதான்.

சாப்பாட்டுக் கடை நடத்தும் கௌஸ் அண்ணன் எழுந்து நின்று சொன்னார்: "ஐ மேனேஜ் த்ரீ ஷாப், ஒன் வைஃப். ஷாப் நோ ப்ராப்ளம்."

முக அலங்கார நிலையம் வைத்திருக்கும் உஷாராணி அக்கா திரும்பிப் பார்த்து, "அண்ணி இந்த கிளாசுக்கு வந்தா முதல் நாளே உங்கள மேனேஜ் பண்ணிருவாங்க, உக்காருங்க" என்றார். கௌஸ் அண்ணன் கொஞ்சமும் வெட்கப்படாமல், "அவ வீட்லயே படிச்சிட்டா டீச்சர்" என்றார்.

கிள்ளானுக்குத் திரும்பும் ரயிலில் அகராதியில் அந்தச் சொல்லைத் தேடினேன். இத்தாலிய மூலம். அதற்கும் அடியில் லத்தீன்: கை. கையால் தொடுவது, கையாள்வது. ஆங்கிலத்துக்குள் வந்தபோது அது குறிப்பாக ஒன்றைத்தான் குறித்தது: குதிரையைப் பழக்குவது. கடிவாளத்தைப் பிடித்து, வட்டமாக ஓடவிட்டு, நில் என்றால் நிற்க வைப்பது. அதன் பிறகுதான் ஆயுதம், தொழில், காசு. அப்புறம் மனிதர்கள். இடையில் வீட்டைச் சிக்கனமாக நடத்துவது என்ற பொருளில் ஒரு பிரெஞ்சுச் சொல்லும் வந்து ஒட்டிக்கொண்டதாம். ஆக குதிரை லாயமும் வீடும் ஒரே வினைச்சொல்லுக்குள்.

பத்து தீகா நிலையம் தாண்டும்வரை தலையை நிமிர்த்தவே இல்லை. 'மாமா மேனேஜ் பண்ணிக்கிறேன்.' சரி. யாரை?

ஜனவரி 7, புதன்

தமிழில் நாம் மட்டும் யோக்கியமா? 'உன்ன மேய்க்க முடியல' என்று அம்மா சொல்வாள். துறைமுகத்தில் வேலை செய்யும் என் அண்ணன் குரு தன் மேற்பார்வையாளரைப் பற்றிப் பேசும்போது, 'ஆள் மேய்க்கிற வேலை' என்பான். அவர்களுக்குக் குதிரை, நமக்கு மாடு. இரண்டிலும் பின்னால் ஒருவன் நடக்கிறான், கையில் ஏதோ இருக்கிறது.

எங்கள் குடும்பத்தில் குதிரையைத் தொட்டவர் யாருமில்லை. ஆனால் கயிறு பிடித்தவர் இருக்கிறார்.

குரு மோட்டார் சைக்கிளோடு லோரிக்கு அடியில் போய்ப் பிழைத்து வந்தவன். ஐந்து வருஷம் தைப்பூசத்துக்குப் பத்துமலையில் கயிற்றுக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டான். இது ஐந்தாவது வருஷம். முதுகில் கொக்கிகள், ஒவ்வொரு கொக்கியிலும் ஒரு கயிறு, எல்லாக் கயிறும் பின்னால் ஒருவர் கையில். குரு முன்னால் இழுத்துக்கொண்டு போவான், பின்னால் இருப்பவர் பிடித்து நிறுத்துவார். நான்கு வருஷமும் பிடித்தவர் மாமா. காவடிப் படங்களில் அவர் முகம் குருவின் முகத்தைவிடப் பெருமையாக இருக்கும்.

இதை நேற்று ஏன் நினைக்கவில்லை?

ஜனவரி 9, வெள்ளி

ஒத்திகை. "எனக்குப் போகணும். எனக்குப் போகணும்." குளியலறையில் நன்றாகவே வருகிறது.

ஜனவரி 11, ஞாயிறு

மாமாவின் திட்டம் வெளியே வந்தது. அவருடைய ஆள் விசாரித்துச் சொல்லிவிட்டாராம்: வெறும் ரயுவான் நிற்காது, காரணம் பலமாக இருக்க வேண்டும். கணவன் இங்கே சிலாங்கூரில் வேலை செய்தால் அது பலமான காரணம்.

கணவன்.

"கல்யாணம்னு யார் சொன்னா? ரெஜிஸ்டர் மட்டும் பண்ணிருவோம். பேப்பர்லதானே. கோயில் கல்யாணம் மெதுவா, நீ சரின்னு சொல்றப்ப வச்சிக்கலாம்" என்றார். மாப்பிள்ளையும் தயார். ராவாங்கில் இருக்கிறான், அத்தையின் அக்கா மகன், கமலநாதன், தொழிற்சாலையில் தொழில்நுட்பர், குடிப்பதில்லை. இந்தக் கடைசித் தகுதியை இரண்டு தடவை சொன்னார்.

எத்தனை பேரை எனக்கே தெரியும். முதலில் ரெஜிஸ்டர், ஒரு வருஷம் கழித்து மண்டபம். அந்த ஒரு வருஷத்துக்குள் வேண்டாம் என்று சொல்ல வந்தவர்கள் விவாகரத்துக்கு வக்கீல் பிடிக்க வேண்டியதாயிற்று. பேப்பரில்தானே. பேப்பரில் இல்லாமல் வேறு எங்கே இருக்கிறதாம் கல்யாணம்?

அம்மாவைப் பார்த்தேன். அவள் கீரையை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஆய்ந்து முடித்த கீரையை மறுபடியும் ஆய்ந்தாள்.

எனக்கு ஏன் வாய் வரலை? கத்தியிருக்கலாம்ல? தட்டைத் தூக்கிப் போட்டிருக்கலாம்ல? வகுப்புல இருபது பேருக்கு முன்னாடி நிக்கிறேன், ஒரு ஆளுக்கு முன்னாடி நிக்க முடியலை.

ஜனவரி 14, புதன்

கமலநாதனை நானே அழைத்தேன். எண்ணை அத்தையிடம் கேட்டபோது அத்தைக்கு ஒரே சந்தோஷம். பங்சாரில் வாழையிலைச் சாப்பாடு. எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர்தான், அதுதான் எரிச்சல்.

"என்னையும் மேனேஜ் பண்றாங்க" என்றார், அப்பளத்தை நொறுக்கியபடி. "எனக்கு இப்ப கல்யாணம் வேணாம். நீங்க வேணாம்னு சொல்லிருங்களேன்."

"நீங்க சொல்லுங்க."

"நான் சொன்னா எங்கம்மா சாப்பிட மாட்டாங்க."

"எங்கம்மா சாப்பிடுவாங்களா?"

சோற்றில் குழி பண்ணினார். "பொண்ணு வீட்ல சொன்னா கொஞ்சம் பரவால்ல. உங்களுக்கு போஸ்டிங்னு ஒரு காரணம் இருக்கு. எனக்கு என்ன இருக்கு?"

வேண்டாம் என்று சொல்வதையும் என் தலையில் கட்டிவிட்டு இன்னொரு கரண்டி மோர் வாங்கிக்கொண்டார். சிரிப்புதான் வந்தது. ரயிலில் சிரிப்பு போய்விட்டது. கடிவாளம் அவர் வாயிலும் இருக்கிறது. ஆனால் அவர் அதோடு வசதியாக மெல்லப் பழகிவிட்டார்.

ஜனவரி 18, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

ரசத்துக்குக் காத்திருக்கவில்லை. மாமா உட்கார்ந்ததும் சொன்னேன். "எனக்குப் போகணும் மாமா. ரயுவான் வேணாம். ரெஜிஸ்டரும் வேணாம்."

குரல் நடுங்கியது. ஆனால் சொல் முழுதாக வந்தது.

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரும் இல்ல."

"அப்ப புத்தகம் சொல்லிக் குடுத்திருக்கு." அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தாள். அடுத்து அவர் என்னிடம் பேசவில்லை, குருவிடம் திரும்பினார். "குரு, இந்த வருசம் எனக்கு முட்டி வலி. கயிறு புடிக்க வேற ஆளப் பாத்துக்க."

குருவுக்கு ஒரு கணம் புரியவில்லை. விரதத்தில் இளைத்துப்போன முகம். "எப்ப சரியாகும் மாமா?"

"உன் தங்கச்சி கையெழுத்துப் போடுற அன்னைக்கு."

சாப்பிடாமல் எழுந்து போனார். வெளியே போய்த் தன் சாவியால் எங்கள் கதவை வெளியிலிருந்து பூட்டிவிட்டுப் போனார். பழக்கம்தான். எப்போதும் அப்படித்தான் செய்வார். இன்றுதான் அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது.

ஜனவரி 19, திங்கள்

அம்மா பள்ளிக் கண்டினில் சமைக்கப் போகுமுன் என் கட்டிலோரம் வந்து நின்றாள். கரண்டி பிடித்துக் காய்ந்துபோன கையால் போர்வையை இழுத்துவிட்டாள்.

"ஒரு கையெழுத்துதானேம்மா. உங்க அண்ணன் வேண்டுதல் அஞ்சாவது வருசம். நடுவுல விட்டா என்ன ஆகுமோ தெரியல. லோரிக்கு அடியில கெடந்தவன். மாமாவ விட்டா யாருக்கு அந்தக் கயிறு புடிக்கத் தெரியும்?"

ஒரு மணி நேரம் நிஜமாகவே கையெழுத்துப் போடலாம் என்று இருந்தேன். இதை எழுதிவைக்க வேண்டும், பின்னால் என்னை வீராங்கனை என்று நானே நினைத்துக்கொள்ளாமல் இருக்க.

பிறகு கோபம் வந்தது. மெதுவாக, அடுப்பில் பால் ஏறுவதுபோல. மாமா என்னைத் தடுக்க என் கயிற்றை இழுக்கவில்லை. அண்ணனின் முதுகில் இருக்கும் கயிற்றை இழுக்கிறார். அவன் ரத்தத்தில் எனக்குக் கையெழுத்து.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. கொக்கி குத்துபவர் ரெங்கசாமி. ஒவ்வொன்றையும் குத்தும் முன்னால் குனிந்து "குத்தவா?" என்று கேட்பார். குரு தலையசைத்தால்தான் அடுத்தது. மலையடி வந்ததும் எல்லாவற்றையும் கழற்றிவிடுவார்; எங்கள் குழுவில் யாரும் கயிற்றோடு படியேறுவதில்லை. அது குரு கேட்டு வாங்கிய கொக்கி. தொடங்கும் இடமும் கழற்றும் இடமும் அவனுக்குத் தெரியும்.

என்னிடம் யார் குனிந்து கேட்டார்கள்?

ஜனவரி 21, புதன்

பின்கட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். குரு வேலையிலிருந்து வந்து பூட்ஸைக்கூடக் கழற்றாமல் நின்றான்.

"டீச்சர், உன் வெயிட் என்னா?"

"எதுக்கு?"

"சொல்லேன்."

சொன்னேன். என்னை மேலும் கீழும் பார்த்தான், சரக்குப் பெட்டியைத் தூக்குமுன் பார்ப்பதுபோல. "பத்தும்" என்றான்.

"எதுக்குப் பத்தும்?"

"கயிறு நீ புடி."

அடுத்த துணிக்குக் கிளிப் எடுத்திருந்தேன். அது கீழே விழுந்தது. பெண்கள் பிடித்துப் பார்த்ததில்லை என்றேன். அவனும் பார்த்ததில்லை என்றான். நான் கையெழுத்துப் போட்டால் எல்லாம் சரியாகிவிடுமே என்றேன், சும்மா அவன் என்ன சொல்கிறான் என்று பார்க்க. சும்மாவும் இல்லை.

"எனக்காக நீ கையெழுத்துப் போட்டேன்னு வை. அப்புறம் அந்தக் காவடிய நான் எப்படித் தூக்குறது?" என்றான். கொஞ்சம் கழித்து, "மாமா நல்லாத்தான் புடிப்பாரு. ஆனா போன வருசம் ஃபோட்டோ எடுக்கிறவனப் பாத்ததும் ஒரு இழு இழுத்தாரு. முதுகு கிழிஞ்சு ரெண்டு மாசம் குப்புறப் படுத்தேன். அம்மாகிட்ட சொல்லல."

ஜனவரி 24, சனி

கார் நிறுத்துமிடத்தில் பயிற்சி. குரு முதுகில் என் பழைய பள்ளிப்பை, அதன் வார்களில் கயிறு. எதிர்வீட்டுப் பழனியப்பன் அங்கிள் காரைக் கழுவுவதுபோல் வேடிக்கை பார்த்தார். கழுவிய கதவையே கழுவினார்.

முதலில் இழுத்தேன். "இழுக்காத. நீ என்ன டக் ஆஃப் வாரா ஆடுற? சாய்ஞ்சு நில்லு. இழுக்கிறது நான்." அடுத்த தடவை பயந்து தளர்த்தினேன். அவன் முகம் குப்புற விழப் போனான். "அது அதவிட மோசம். இப்படி விட்டேன்னா பல்லு போயிரும்."

இழுக்கவும் கூடாது, விடவும் கூடாது. அவன் நடையைக் காலால் கேட்க வேண்டும். ஒரு சுற்று முடிந்தபோது என் உள்ளங்கை எரிந்தது. மூன்றாவது சுற்றில் அவனுடைய தோள் எப்போது முன்னால் போகும் என்று ஒரு கணம் முன்பே தெரிய ஆரம்பித்தது.

பழனியப்பன் அங்கிள் ஹோஸை மூடிவிட்டு, "பொண்ணு, அது என்னா எக்சர்சைஸ்?" என்றார்.

"மேனேஜ்மென்ட் கோர்ஸ் அங்கிள்" என்றான் குரு.

ஜனவரி 28, புதன்

அம்மாவிடம் குரு சொல்லிவிட்டான். மாலையில் பார்த்தால் என் வெள்ளைச் சுடிதார் மஞ்சள் நீரில் நனைந்து கொடியில் காய்கிறது.

பிப்ரவரி 1, ஞாயிறு. தைப்பூசம்

விரல்கள் மடங்கவில்லை. இடது கையால் பேனாவைப் பிடித்து வலது கையால் தள்ளி எழுதுகிறேன். ஆனாலும் இன்றைக்கே எழுத வேண்டும்.

காலை வெயில் ஏறுமுன் ஆற்றங்கரைக்குப் போய்விட்டோம். குரு குளித்து வந்து உட்கார்ந்தான். ரெங்கசாமி கொக்கிகளை எடுத்தார். "குத்தவா?" தலையசைப்பு. "குத்தவா?" தலையசைப்பு. அம்மா திருநீற்றுத் தட்டோடு நின்றாள். ஒவ்வொரு கொக்கிக்கும் அவள் உதடு அசைந்தது.

கயிறு யார் பிடிப்பது என்று ரெங்கசாமி கேட்டார். நான் என்றேன். மேலும் கீழும் பார்த்துவிட்டு, "விரதமா?" என்றார். ஆமாம். "வேற ஒன்னும் இல்லல்ல?" என்றார், பார்வையை ஆற்றின் பக்கம் திருப்பிக்கொண்டு. அவர் எதைக் கேட்கிறார் என்று புரிந்தது. அந்தக் கேள்வியை மாமாவிடம் நான்கு வருஷத்தில் ஒரு தடவையும் கேட்டதில்லை. "கயிறு குடுங்கண்ணே" என்றேன். கொடுத்தார்.

அப்போதுதான் மாமா வந்தார். மஞ்சள் வேட்டி, கையில் ஏற்கெனவே துண்டைச் சுற்றிக் கட்டியிருந்தார். முட்டியில் ஒரு குறையும் இல்லை.

அவர் கோபமாக வந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். மெதுவாகச் சொன்னார்: "கோவத்த விட்டுட்டேன். அந்தக் கையெழுத்த அப்புறம் பேசிக்கலாம். கொண்டா."

கையை நீட்டினார்.

என் கையும் நீண்டது. இதை மறைக்க மாட்டேன். நான் யோசிக்கவே இல்லை. அவர் நீட்டினால் கொடுப்பது என்று என் கைக்கு அப்படிப் பழக்கம். கயிறு பாதி வழி போய்விட்டது.

"விடுங்கண்ணே."

யார் பேசியது என்று பார்த்தேன். அம்மா.

"என்னா தங்கமணி?"

"அவ புடிக்கட்டும். அவன் அவளத்தான் கேட்டான்."

மாமா சிரித்தார். சுற்றி நின்றவர்களையும் சிரிக்க அழைக்கும் சிரிப்பு. "பொம்பள புடிச்சு இவன் கீழ விழுந்தா?"

"விழுந்தா நான் தூக்கிக்கிறேன். பெத்தவ நான்."

உறுமியும் தவிலும் தொடங்கிவிட்டன. குரு எழுந்துவிட்டான். அவன் கண்ணில் யாரும் இல்லை. கயிறு விறைத்தது. அதற்கு மேல் பேச நேரமில்லை, சாய்ந்துவிட்டேன்.

கார் நிறுத்துமிடத்தில் நான் பிடித்தது குருவை இல்லை, பள்ளிப்பையை. இது வேறு. ஒரு முழு மனிதன் முன்னால் சாய்கிறான், அவனுடைய தோல் கூடாரம்போல இழுபட்டு நிற்கிறது, என் எடையை நம்பித்தான் அவன் கீழே விழாமல் போகிறான். பார்க்கக் கூடாது என்று நினைத்தேன். பார்த்தால்தான் பிடிக்க முடியும் என்று பிறகு தெரிந்தது. யாரோ, "ஏய் பொண்ணு புடிக்குது பாரு" என்றான். யாரோ கைப்பேசியைத் தூக்கினான். நான் இழுக்கவில்லை.

பாதி வழியில், காவடிகளுக்கு வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றும் இடம். தார் வழுக்கியது. என் குதிகால் நழுவியது. குரு முன்னால் தாவினான். விரல்களுக்குள் கயிறு ஓடியது, சூடாக, ஒரு முழம் போய்விட்டது. அவ்வளவுதான், பல்லு போச்சு என்று நினைத்தேன்—

என் கைகளுக்குப் பின்னால் இரண்டு கைகள் கயிற்றைப் பிடித்தன. மாமா என்றே நினைத்தேன். இறுக்கம் அப்படி. குனிந்து பார்த்தால் புறங்கையில் எண்ணெய் தெறித்த பழைய தழும்புகள்.

"காலப் பதி" என்றாள் அம்மா, காதுக்குள். "சாய்ஞ்சுக்க. நான் இருக்கேன்."

அங்கிருந்து மலையடி வரை இரண்டு பேரும் பிடித்தோம். கண்டினில் பெரிய சட்டியை இறக்குகிறவளுக்கு எடை என்றால் என்னவென்று தெரிந்திருக்கிறது. அவள் என்னைவிட நன்றாகப் பிடித்தாள்.

ரெங்கசாமி கொக்கிகளைக் கழற்றினார். ஒன்றும் கிழியவில்லை. குரு தன் பால்குடத்தை வாங்கிக்கொண்டு, கயிறு எதுவுமில்லாமல், படியேறினான்.

மாமாவைத் தேடினேன். இல்லை.

பிப்ரவரி 3, செவ்வாய்

வகுப்பில் கௌஸ் அண்ணன் என் கைக்கட்டைப் பார்த்து, "டீச்சர், யாரையாச்சும் அடிச்சீங்களா?" என்றார். இல்லை என்றால் ஏமாந்துபோவார் என்று நான் மறுக்கவில்லை.

அந்தச் சொல்லை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அதற்கு இன்னொரு பொருளும் உண்டு, பின்னால் வந்தது: கஷ்டத்துக்கு நடுவில் எப்படியோ ஒன்றைச் செய்து முடிப்பது. இந்தப் பொருளில் குதிரையும் இல்லை, குதிரைக்காரனும் இல்லை. ஒருவருக்கு அவருடைய சொந்தக் கையே போதும். மாமா ஒரு தடவையாவது இந்தப் பொருளில் சொல்லியிருக்கிறாரா? சொல்லியிருக்கிறார். அப்பாவின் சடங்குகள் முடிந்த அன்று யாரோ விசாரித்ததற்கு, "எப்படியோ மேனேஜ் பண்ணிட்டேன்" என்றார். அன்று அவர் சட்டை முதுகில் ஈரமாக ஒட்டியிருந்தது.

அப்பாவின் பாடையைத் தூக்கிய கை அது. மறக்கவில்லை. நான் மறந்துவிட்டுத்தான் போகிறேன் என்று அவர் எல்லோரிடமும் சொல்வார். சொல்லட்டும். எனக்குச் செய்ததற்கு நன்றி உண்டு. அதற்காக என்னை எழுதிக் கொடுக்க முடியாது.

பிப்ரவரி 9, திங்கள்

சாமான்கள் வாங்கிக்கொண்டு மாலையில் திரும்பினால் வீட்டு வாசலில் யாரோ செருப்புகள். நான் வெளியே, அம்மா கண்டினில், குரு வேலையில். பூட்டிவிட்டுப் போன வீடு.

உள்ளே விளக்கு எரிகிறது, மின்விசிறி சுற்றுகிறது. மாமா, அத்தை, கமலநாதனின் அம்மா. மேசையில் தட்டு: வெற்றிலை, பழம், பூ. அம்மாவின் பித்தளைத் தட்டு, சாமி அறையிலிருந்து எடுத்தது. எங்கள் கோப்பைகளில் தேநீர் குடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

"வாம்மா" என்றார் மாமா. எங்கள் வீட்டுக்குள் என்னை.

சாமான் பையைத் தரையில் வைத்தேன். குரல் நடுங்கவில்லை. "வணக்கம் ஆன்டி. நான் இருபத்தெட்டாம் தேதி சிபு போறேன். டிக்கெட் எடுத்துட்டேன். உங்க மகன் என்கிட்ட பேசினாரு, அவருக்கும் இப்ப கல்யாணம் வேணாமாம். வீட்ல கேட்டுப் பாருங்க, சாப்பாட்டுக்கு அப்புறமா."

அந்த அம்மாளின் முகம் போன போக்கில் எனக்குப் பாவமாகிவிட்டது. கமலநாதனை நினைத்து அப்படித் தோன்றவில்லை.

பின்னாலேயே அம்மா வந்தாள். கண்டின் ஏப்ரனை மடித்துக் கையில் வைத்திருந்தாள். யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. மேசையில் தன் தட்டைப் பார்த்தாள்.

"அண்ணே, கதவ யாரு தொறந்தா?"

"என்கிட்டதான் சாவி இருக்கே" என்றார் மாமா. அவருக்கு உண்மையிலேயே அந்தக் கேள்வி புரியவில்லை.

அம்மா தட்டிலிருந்த பழங்களை ஒரு பையில் போட்டு அந்த அம்மாளிடம் கொடுத்தாள். தட்டைக் கழுவித் துடைத்துச் சாமி அறையில் வைத்தாள்.

பிப்ரவரி 28, சனி

விமான நிலையத்தில் அம்மாவும் குருவும். மாமா வரவில்லை. பத்துமலையிலிருந்து அம்மாவின் உள்ளங்கையில் ஒரு கோடு இன்னும் போகவில்லை. "போனதும் போன் பண்ணு" என்றாள். அங்கே அலைவரிசை கிடைக்காதாம் என்றேன். "கெடைக்கிற எடத்துக்கு நடந்து போய் பண்ணு."

குரு என் பெட்டியைத் தூக்கிப் பார்த்து, "புத்தகமா, பாறாங்கல்லா லா?" என்றான்.

மார்ச் 2, திங்கள்

வந்து சேர்ந்தேன். ஆறு வரைபடத்தில் இருந்த அதே பழுப்பு.

ஏப்ரல் 7, செவ்வாய்

வாரத்துக்கு ஒரு நாள் தபால் படகில் வரும். இன்று எனக்கு ஒரு சின்ன உறை, அம்மாவின் கையெழுத்தில் முகவரி. உள்ளே கடிதம் எதுவும் இல்லை.

மலை மேல் ஏறிப் போய் அலைவரிசை பிடித்துப் பேசினேன். போன மாதம் அம்மா தானே கடைக்குப் போய், ஆள் கூட்டி வந்து, வாசல் பூட்டை மாற்றியிருக்கிறாள். மறுநாள் ஞாயிறு மாமா வந்திருக்கிறார். சாவியைப் போட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறார். அம்மா உள்ளேயிருந்து, "மணி அடிங்கண்ணே" என்றாளாம். அவர் அடிக்கவில்லை. லோரியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு வரவில்லை.

பூட்டோடு மூன்று சாவி கொடுத்தார்கள். ஒன்று அம்மாவிடம், ஒன்று குருவிடம். மூன்றாவதுதான் இன்று படகில் வந்தது.